சேலத்திலிருந்து ஏற்காடு: வீல்சேரில் வரும் நண்பரையும் சேர்த்துத் திட்டம் போடுவது எப்படி

சேலத்துக் கல்லூரிகளில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முதலில் விழும் பெயர் ஏற்காடு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏறினால் இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். வகுப்பில் வீல்சேரில் வரும் ஒருவர் இருந்தால் மட்டும் குழு கொஞ்ச நேரம் அமைதியாகும். பிறகு அவர் இல்லாத இன்னொரு குழு உருவாகும். "அவனுக்கு எதுக்குடா கஷ்டம்? மேல எல்லாம் படிக்கட்டு" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் வர முடியுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பேச்சிலேயே இல்லை.

இப்படி மூன்று வருடம் போனால் என்ன ஆகும்? கடைசி வருடத்தில் வகுப்பு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற எந்தக் கதையிலும் அவர் இருக்க மாட்டார். பாடக் குறிப்பைக் கொடுப்பார்கள், பையைத் தூக்குவார்கள், பிறந்தநாளுக்கு வாழ்த்தும் சொல்வார்கள். நட்பு வளர்கிற இடங்களோ வேறு: வகுப்பு முடிந்து நிற்கும் டீக்கடை, தட்டுவடை செட் வண்டி, சினிமா தியேட்டர், ஏற்காடு.

சட்டம் கொஞ்ச தூரம் கூட வரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கு 5 சதவீத இடம் உண்டு. தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. வகுப்பறைக்குள் வந்து சேர இவை உதவும். டீக்கடைக்குக் கூப்பிடச் சொல்லி எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வேலை வகுப்புத் தோழர்களுடையது.

ஆகவே முதல் கேள்வி "எங்கே போகலாம்?" என்பதல்ல, "நீ வர்றியா?" என்பது. தேதியும் இடமும் முடிவாவதற்கு முன்பே கேட்க வேண்டும். அவரோடு ஓரளவு நெருக்கமான ஒருவர் தனியாகக் கேட்பது நல்லது. இருபது பேர் பார்க்கிற குழுவில் "உனக்கு பாத்ரூம் எப்படி?" என்று எழுதினால் பதில் வராது, ஆளும் வர மாட்டார். தனியே கேட்க வேண்டியவை: சேரிலிருந்து கார் சீட்டுக்கு நீயே மாறுவியா, பலகை வைத்து நகர்வியா, தூக்கணுமா? எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்காருவே? எத்தனை மணிக்கு ஒருமுறை டாய்லெட்? யார் உதவி செய்தால் உனக்குச் சங்கடம் இல்லை? வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. அடுத்த முறை மறுபடியும் கேட்கத் தவறவும் கூடாது. இந்த முறை மறுத்தவரை அதோடு பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறோம், பெரும்பாலான பிரிவுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சியை விடக் கழிப்பறையை முதலில் பாருங்கள். வெளியே போகிற நாளில் வழியில் டாய்லெட் இருக்காது என்ற பயத்தில், முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற இளைஞர்கள் ஏராளம். பெண்களில் இன்னும் அதிகம். தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு இதனால் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் முடியும். குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பவர்களுக்கு பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான, தாழிடக்கூடிய இடம் வேண்டும். காலை ஏழு மணிக்கு அஸ்தம்பட்டியில் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பினால் குறைந்தது இரண்டு முறை, சிலருக்கு மூன்று முறை.

இதற்கு மிக எளிய வழி, ஏற்காட்டில் தரைத்தளத்தில் ஓர் அறையை அந்த ஒரு நாளுக்கு எடுப்பது. செலவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் ஒதுங்கவும், மதியம் அரைமணி நேரம் படுக்கவும் அந்த அறை எல்லாருக்கும் பயன்படும். எடுப்பதற்கு முந்தைய வாரம் ஒருவர் பைக்கில் போய் இஞ்ச் டேப்பால் அளந்துவிட்டு வரட்டும். மடக்கும் வகைச் சாதாரண வீல்சேரின் அகலம் பொதுவாக 60 முதல் 65 செ.மீ. குளியலறைக் கதவு இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ. என்பார்கள். நிலைச்சட்டமும் முழுதாகத் திறக்காத கதவும் போக, உள்ளே நுழைய 65 செ.மீ. கூட மிஞ்சாமல் போகலாம். எனவே கதவை அளக்காதீர்கள், கதவைத் திறந்து வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். வாசலில் எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ. உயரம், கழிப்பறை மேற்கத்திய வகையா, அதன் பக்கத்தில் சேர் நிற்க இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். "பார்த்துட்டோம், ஓகேதான்" என்று நீங்கள் சொல்வதில் பயனில்லை. எது ஓகே என்று அவருக்குத்தான் தெரியும்.

வண்டி விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கால் டாக்சி சொல்லுவார்கள், கார் வரும், டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை கேஸ் சிலிண்டர் அடைத்திருக்கும். வீல்சேர் உள்ளே போகாது. புக் செய்யும்போதே "சி.என்.ஜி. வண்டி வேண்டாம், பின்சீட்டை மடிக்க முடியுமா" என்று கேட்டுவிடுங்கள். மடக்கும் சேர் 15 முதல் 20 கிலோ இருக்கும். கால் பலகைகளைக் கழற்றினால் இடமும் மிஞ்சும், எடையும் குறையும். கழற்றியவற்றை ஒரே பையில் போட்டு, அந்தப் பைக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். மேலே போய் ஒரு கால் பலகை காணோம் என்றால் அன்றைய நாளே கெட்டுப்போகும்.

பேருந்தில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. ஊன்றுகோலோடு ஏறக்கூடியவருக்கு ஊருக்குள் அது நல்ல வசதி. உயரமான படி உள்ள பேருந்தில் வீல்சேரோடு மலையேறுவது எல்லாருக்கும் தண்டனைதான். பின்னால் இரண்டு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், அதிலேயே மேலே வருகிறேன் என்று ஆசைப்படுவதுண்டு. சமதளத்தில் அது அருமையான வண்டி. ஆனால் இருசக்கர வண்டி போல வளைவில் சாயாது. கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலும் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கியர் இல்லாததால் இறக்கம் முழுவதும் பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும், அது சூடாகிப் பிடி தளரும். மலைக்குக் கார்தான் சரி.

காரில் முன்சீட்டைப் பின்னால் தள்ளி அவருக்குக் கொடுங்கள். இடுப்புக்கு மேல் பிடிமானம் குறைந்தவர்கள் வளைவுதோறும் ஒருபக்கமாகச் சாய்வார்கள். பெல்ட்டோடு, சால்வையைச் சுருட்டி இரண்டு விலாப்பக்கமும் வைத்தால் நிலையாக இருக்கும். சேரில் போட்டிருக்கும் குஷனையே கார் சீட்டிலும் போடுங்கள். தொடு உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சீட்டின் மடிப்பு, ஜீன்ஸ் பின்பாக்கெட்டின் பொத்தான், அதில் மறந்து வைத்த போன், எது அழுத்தினாலும் தெரியாது, மாலையில் தோல் சிவந்திருக்கும். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் முன்பக்கமோ பக்கவாட்டிலோ சாய்ந்து அழுத்தத்தை எடுக்க வேண்டும். சிறுநீர் சேகரிக்கும் பையைக் கட்டியிருப்பவர் என்றால் குழாய் சீட்டுக்கடியில் மடங்கியிருக்கிறதா என்று பாதிவழியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, சிவப்பு என்று வந்தால் அது மலைப்பயணத் தலைசுற்றல் என்று விட்டுவிடாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடனே அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டு, இரண்டு பேராவது தெரிந்து வைத்திருங்கள்.

மேலே எங்கெல்லாம் போவது? கிளியூர் அருவிக்குச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும், அதை விட்டுவிடுங்கள். ஏரிக்கரைச் சாலை, பகோடா முனை போல வண்டி பக்கத்திலேயே போகும் காட்சிமுனைகள், தாவரவியல் பூங்கா, மலைமேல் பரந்த வெளியில் இருக்கும் சேர்வராயன் கோயில் பக்கம், இவற்றைப் பட்டியலில் வைத்து முன்கூட்டி ஒருவர் பார்த்து வரலாம். கோயிலின் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், வெளியே நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கக் குனிய வேண்டாம். மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கூட்டத்தில் சேர் நகராது.

நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்று. "நீ கார்லயே இரு, துணைக்கு ஒருத்தன் இருப்பான், நாங்க பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்பதை ஒரு நாளில் நான்கு இடத்தில் செய்தால், அவரைக் கூட்டிப் போகாமலே இருந்திருக்கலாம். பத்து நிமிடம் எப்போதும் நாற்பது நிமிடமாகும். காரில் இருப்பவருக்குத் துணையாக விடப்பட்டவரின் முகமும் வாடும், அதையும் இவர்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு இடத்துக்குப் பதில் எல்லாரும் போகக்கூடிய மூன்று இடம் போதும்.

இனி தள்ளுவது. எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் கேட்காமல் சேரைத் தொடாதீர்கள், அது அவர் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. ஒரு படி ஏற்ற வேண்டுமானால், பின்னால் தரையோரம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைக் காலால் மிதித்துச் சேரைப் பின்னால் சாய்த்து, முன் சிறுசக்கரங்களைப் படிமேல் வைத்து, பிறகு பெரிய சக்கரங்களைத் தள்ளி ஏற்றுங்கள். இறக்கும்போது திருப்பிப் பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில். ஏற்காட்டுச் சரிவுச் சாலைகளிலும் செங்குத்தான இறக்கத்தில் இப்படிப் பின்பக்கமாகவே இறங்குங்கள். முகம் கீழே பார்த்து இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் வழுக்குவார். சாக்கடைக் கம்பிச் சந்துகளை நேராகக் கடக்காதீர்கள், சிறுசக்கரம் உள்ளே இறங்கி ஆளோடு சேர் குப்புற விழும். அதையும் பின்பக்கமாகக் கடப்பதே பாதுகாப்பு.

நாலைந்து படிகள் தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு பேராவது வேண்டும். பலமானவர் பின்னால் கைப்பிடியில், மற்றவர் முன்னால் குனிந்து சேரின் இரும்புச் சட்டத்தில். கைதாங்கியையும் கால் பலகையையும் பிடித்துத் தூக்காதீர்கள். அவை கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை, பாதிப் படியில் கையோடு வந்துவிடும். அனுபவம் இல்லாதவர்கள் நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துப் பல்லக்கு மாதிரி தூக்குவது இந்த விபத்துக்கு நேரடி வழி. ஏறும்போது அவர் முதுகு மேலே பார்த்து, ஒவ்வொரு படியாக. இறங்கும்போது முகம் கீழே பார்த்து, சேர் பின்னால் சாய்ந்தபடி. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிச் சொல்வது சேரில் இருப்பவராக இருக்கட்டும். பேட்டரி சேரை ஆளோடு தூக்கவே கூடாது. தசைச்சிதைவு உள்ளவர்களைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்பட்டை நழுவும். எங்கே பிடிப்பது என்று அவரே சொல்வார், கேளுங்கள்.

கிளம்புமுன் டயரில் காற்று பாருங்கள். பெரும்பாலான சேர்களில் பிரேக் டயரின் மேல்தான் அழுத்துகிறது. காற்று குறைந்தால் பிரேக் போட்டும் சேர் நகரும், மலைச்சரிவில் அது ஆபத்து. காற்றடைக்கும் டயர் என்றால் பஞ்சரைச் சைக்கிள் கடையில் ஒட்டிக்கொள்ளலாம்.

படகில் ஏறுவது பலரும் விரும்புவது. முதலில் ஓர் ஆள் படகுக்குள் இறங்கி உட்கார்ந்து நிலைப்படுத்த, இன்னொருவர் படகை மேடையோடு ஒட்டிப் பிடிக்க, மேடையின் விளிம்பில் அவரை உட்கார வைத்து அங்கிருந்து மாற்றுவது நல்லது. நின்றபடி கைமாற்றக் கூடாது. உயிர்காப்பு உடையைச் சேரில் இருக்கும்போதே கட்டிவிடுங்கள்.

மாலையில் குளிரும்போது சால்வையோடு இன்னொரு கவனமும் வேண்டும். காலில் உணர்ச்சி இல்லாதவரைத் தீமூட்டி உட்காரும் வட்டத்தில் மற்றவர்களைப் போலவே பக்கத்தில் நிறுத்தினால், கால் வெந்துகொண்டிருப்பது அவருக்கே தெரியாது. சூடான டீ டம்ளரை மடியில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் வையுங்கள்.

மூளை முடக்குவாதத்தால் பேச்சு தெளிவில்லாத நண்பர் வந்தால் உடல் ஏற்பாட்டை விடக் குழுவின் வேகம்தான் பிரச்சினை. ஏழு பேர் ஒரே நேரத்தில் பேசும் காருக்குள் அவர் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் தலைப்பு மாறியிருக்கும். அவர் தொடங்கினால் காத்திருங்கள், நீங்களே முடித்துவைக்காதீர்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் சிரிக்காதீர்கள், "மறுபடி சொல்லுடா" என்று கேளுங்கள். பொய்ச் சிரிப்பு அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வீட்டை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பத்தொன்பது வயதிலும் அம்மா கூடவே வருகிற நிலையில் பலர் இருக்கிறார்கள். அம்மாவின் பயம் நியாயமானது, தூக்குவதும் குளிப்பாட்டுவதும் இத்தனை வருடம் அவர்தான். ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது எந்த இளைஞனும் காதலைப் பற்றியோ அரியர் பற்றியோ வாய் திறக்க மாட்டான். முதலில் சிறிதாகத் தொடங்குங்கள்: குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு இரண்டு மணி நேரம், பிறகு ஒரு படம், அதன்பின் ஏற்காடு. தூக்கும் முறையை அம்மாவிடமே கற்றுக்கொள்ளுங்கள். அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டினால் பாதிப் பயம் போகும். "அம்மா, மதியம் ஒரு மணிக்கு போன் பண்றோம்" என்று சொன்னால் ஒரு மணிக்கே பண்ணுங்கள். கழிப்பறை உதவி தேவைப்படுகிறவருக்கு, முடிந்தால் தனியாகப் பணம் கொடுத்து ஓர் உதவியாளரை அழைத்துச் செல்லலாம். முடியாவிட்டால் ஒரே நண்பர் மீது அந்த வேலை விழாதபடி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எப்போதும் ஒருவரே செய்தால் நண்பர் மெல்ல மெல்ல உதவியாளர் ஆகிவிடுவார், இரண்டு பேருக்கும் அது சுமை.

அவருக்கும் வேலை கொடுங்கள்: கணக்கு, அறை புக்கிங், டிரைவரோடு பேசுவது. செலவில் பங்கும் வாங்குங்கள், "உன்கிட்ட வேணாம்டா" என்பது மரியாதை ஆகாது. தள்ளுவதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டு மனிதநேயம் என்று எழுதாதீர்கள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை இந்தப் பேச்சில் யாராவது இழுப்பார்கள். ஐந்து வயதில் பேருந்து மேலே ஏறிக் கால் நசுங்கியவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரீசில் வெண்கலம். "அவரே தாண்டறாரு, உனக்கென்ன" என்று சொல்வதற்கு அவர் உதாரணம் இல்லை. அவர் பள்ளியில் படித்தபோது உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவரை உயரம் தாண்டுதலில் இறக்கிவிட்டார். 14 வயதில் அவர் கலந்துகொண்ட போட்டியில் எதிரே நின்றவர்கள் ஊனமற்ற மாணவர்கள், இரண்டாம் இடம் வந்தார். எல்லாரும் விளையாடும் மைதானத்தில் அவரையும் ஒருவர் நிறுத்தினார் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருக்கும் இளைஞர்களின் நிலை வேறு. வீட்டிலிருந்து சாலைவரை பாறையும் செம்மண் சரிவும் என்றால் வீல்சேர் வாசலோடு நிற்கும். அங்கே ஊன்றுகோல்தான் கால். அதன் அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் மழைக்காலத்தில் ஓர் எட்டு கூட வைக்க முடியாது, வரிகள் மறைந்ததுமே மாற்றிவிட வேண்டும். சேலத்திலிருந்து வரும் நண்பர்கள் இரண்டு ஜோடி ரப்பர் வாங்கி வரலாம். இன்னும் நல்லது, கூடும் இடத்தையே மாற்றுவது. கேரம் பலகையும் கிரிக்கெட் பார்க்கும் போனும் அவர் வீட்டுத் திண்ணைக்கு வரட்டும்.

ஏற்காடு வருடத்துக்கு ஒருமுறை, டீக்கடை தினமும். கல்லூரி எதிரே உள்ள கடையில் ஒரே ஒரு படி, 15 செ.மீ. உயரம், அதனால் அவர் ரோட்டோரத்திலேயே நிற்பார், டீ மட்டும் வெளியே வரும். 1:12 என்ற சரிவுக் கணக்கில், அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்றால், இதற்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். தனியே உருட்டி ஏறுபவருக்கு அதுதான் சரி. இடம் இல்லை, பின்னால் தள்ள ஆள் உண்டு என்றால் 120 செ.மீ. வைத்துச் சமாளிக்கலாம். 18 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட், எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றில் இந்தக் குட்டைச் சாய்தளம் இரண்டு கிடைக்கும். அகலம் 90 செ.மீ. அடியில் நீளவாக்கில் மூன்று ரீப்பர் கட்டை, இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். மேல் விளிம்பில் படியைக் கவ்வும்படி ஓர் இரும்பு எல்-ஆங்கிள், அது இல்லாவிட்டால் சேர் ஏறும்போது பலகை பின்னால் நழுவும். கீழ் விளிம்பைச் சீவித் தரையோடு தரையாக்குங்கள், 2 செ.மீ. தடிப்பு நின்றாலே சிறுசக்கரம் முட்டும். இரண்டு பக்கமும் 5 செ.மீ. உயரக் கட்டை அடித்தால் சக்கரம் ஓரத்தில் நழுவாது. பெயின்ட் ஈரமாக இருக்கும்போது மணல் தூவினால் மழையில் வழுக்காது. தூக்கப் பாரமாக இருக்கிறதே என்று நீளவாக்கில் இரண்டாக வெட்டி விடாதீர்கள், நடுச்சந்தில் சக்கரம் சிக்கும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கீல் போட்டு மடக்குங்கள்.

கடைக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள். காலையில் போட்டு இரவில் உள்ளே எடுத்து வைக்கிறோம் என்று வகுப்பு பொறுப்பேற்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார், கேஸ் சிலிண்டர் உருட்டவும் அதே பலகை அவருக்கு உதவும்.